தொலைவிலுள்ள வீட்டுக்கு ஒரு நிர்வாக நிறுவனம்: ஓராண்டு அனுபவம்

நான் முதன்முதலாக வாடகைக்கு விட்ட வீடு வேறு மாநிலத்தில் இருக்கிறது. அதை ஒரு நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைத்து ஓராண்டாகிறது. வாடகைதாரர் குடிவந்த நாளன்று சுவர், குழாய், மின் மீட்டர் அளவு என 64 படங்களைத் தேதியுடன் அனுப்பினார்கள். அதற்காகவே அவர்களை மெச்சுகிறேன். அவர் காலி செய்யும்போது முன்பணத்தில் எதைக் கழிப்பது என்ற தகராறு வந்தால் அந்தப் படங்களே சாட்சி. வாடகையில் 8 சதவீதக் கட்டணம், நியாயம்தான்.

பழுதுபார்ப்பில்தான் மனம் கசந்தது. சின்னக் கசிவுக்கு என்னைக் கேட்காமலே குழாய் முழுவதையும் மாற்றி, பிளம்பர் கூலிக்கு மேல் தங்கள் பங்கையும் ரசீதில் சேர்த்திருந்தார்கள். என்னைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற வரம்பு ஒப்பந்தத்தில் இல்லை. சண்டையிட்டு அதை எழுதி வாங்கினேன். ஆனால் குடியிருப்பவர் புகார் சொன்ன அன்றே ஆள் போகிறார் (குடியிருப்பவருக்கு அது வீடல்லவா!). அடுத்த ஆண்டும் இவர்களிடமே விடுகிறேன்.