இரகசியத் தகவல்: பெயரை மறைப்பதா, கதையை மாற்றுவதா?

திருகோணமலையில் யாரையாவது பிடித்ததாகச் செய்தி வந்தால் அது அநேகமாக இப்படித்தான் தொடங்கும்: “பொலிஸாருக்குக் கிடைத்த இரகசியத் தகவலையடுத்து...” கேரள கஞ்சாவோ, களவு மணலோ, டைனமைட் போட்டுப் பிடித்த மீனோ, எல்லாவற்றுக்கும் இதே வரிதான். தகவல் எங்கிருந்து வந்தது என்று நாமும் கேட்பதில்லை.

இந்த மறைப்பை அமெரிக்கா, பிரிட்டன், நாம் என மூன்று பேரும் மூன்று விதமாகச் செய்கிறோம்.

அமெரிக்க வழிதான் பெரிய கில்லாடித்தனம். அங்கே போதைப்பொருள் ஒழிப்புத் துறைக்குள் 1994 முதல் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. ஒட்டுக்கேட்டதையும் உளவாளி சொன்னதையும் அது கீழே உள்ள பொலிஸுக்குக் கொடுக்கும், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பது நீதிமன்றத்தில் வெளியே வரக்கூடாது என்றும் சொல்லிவிடும். 2013 ஓகஸ்டில் ரொய்ட்டர்ஸ்தான் இதை அம்பலப்படுத்தியது. நம்மூர்க் கணக்கில் சொன்னால், “கிண்ணியாப் பாலத்தடியில் நில், இன்ன லொறி வரும்” என்று ட்ராபிக் பொலிஸுக்கு ஒரு கோல் வருகிறது. அவர் சிக்னல் போடவில்லையென்று லொறியை மறிக்கிறார், நாய் மோப்பம் பிடிக்கிறது, சாமான் அகப்படுகிறது. அறிக்கையில் சிக்னல் இருக்கும், அந்தக் கோல் இருக்காது.

ஏன் இவ்வளவு மினக்கெடல்? சட்டத்தை மீறி எடுத்த சான்றையும் அதைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டெடுத்ததையும் அங்குள்ள நீதிமன்றம் தூக்கி வெளியே போட்டுவிடலாம். அதனால்தான் சான்றுக்குப் புதுசாய் ஒரு பிறப்புச் சான்றிதழ். சில வேளை அதுவும் சறுக்கும்: 2014இல் பால்டிமோரில், கைபேசி இருக்கும் இடம் காட்டும் பொலிஸ் கருவியைப் பற்றி எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டபோது, சொல்லக்கூடாதென ஒப்பந்தம் இருக்கிறது என்றார் துப்பறிவாளர். நீதிமன்றத்தோடு உனக்கு ஒப்பந்தம் இல்லையே என்றார் நீதிபதி. அரச தரப்பு அந்தச் சான்றையே கைவிட்டது!

பிரிட்டனில் இந்தச் சிரமம் குறைவு. உள்நாட்டில் ஒட்டுக்கேட்டதை வழக்கில் சான்றாகக் காட்ட 2016 சட்டத்தின் 56ஆம் பிரிவு பொதுவாக இடம் கொடுப்பதில்லை, அப்படி நடந்ததா என்று கேட்கவும் முடியாது. கதவு பூட்டியிருக்கிறது என்று வெளியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, நம்முடையது? 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு: குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி பொலிஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. சொல்லமாட்டேன் என்பது பொய் இல்லை, அந்தளவில் அமெரிக்க வழியைவிட இது யோக்கியமானது. எங்கள் பொலிஸ் உத்தமர்கள் என்பதால் அல்ல, முறைகேடாக எடுத்த சான்றையும் இங்கே பொதுவாக ஏற்றுக்கொள்வதால் வேறு கதை கட்டும் தேவை அவ்வளவாக வருவதில்லை. அப்புறம், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் கொடுத்த வாக்குமூலமே சான்றாகிவிடும். அங்கே மறைவது தகவல் வந்த வழி அல்ல, வாக்குமூலம் வந்த வழி.

அதற்காகப் பெயரை மறைக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019இல் போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்லவேண்டியவர்களில் சிலர் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டே போயிருந்தார்கள். இந்த ஊரில் பெயர் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

எனக்கு அந்த 125ஆம் பிரிவு போதும், ஆனால் அமெரிக்காவின் 1957 தீர்ப்பு ஒன்றையும் அதோடு ஒட்டவேண்டும்: தகவல் தந்தவர் யார் என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் வாதத்துக்கு அவசியமானால், ஒன்றில் பெயரைச் சொல், இல்லையென்றால் வழக்கை விடு. அது வரும்வரை, தெரிந்த சட்டத்தரணி ஒருவர் பெயரைக் கேட்டு நேரத்தை வீணாக்குவதில்லை. தகவல் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு ஸ்டேஷனைவிட்டுக் கிளம்பினீர்கள், ஸ்டேஷன் புத்தகத்தில் என்ன எழுதினீர்கள் என்றுதான் தொடங்குவார்.