வயிற்றைத் திறந்தா, லேப்ராஸ்கோப்பியிலா? கருக்குழாய் கர்ப்ப அறுவை சிகிச்சைக்குப் பின் தேறி வரும் நாட்கள்

கருப்பைக்குள் தங்க வேண்டிய கரு கருக்குழாயிலேயே தங்கிவிட்டால், அதைக் காப்பாற்றவும் முடியாது, வளரவிட்டுக் காத்திருக்கவும் முடியாது. ஊசி மருந்தால் கரைக்கும் நிலையைத் தாண்டிவிட்டால் அறுவை சிகிச்சைதான். வயிற்றைத் திறந்து செய்வதா, சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா, எது நல்லது என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. ஆனால் பல நேரங்களில் அந்த முடிவு நம் கையில் இருப்பதில்லை. குழாய் வெடித்து, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, அந்த நேரத்தில் அங்கிருக்கும் மருத்துவர்கள் எதை விரைவாகச் செய்ய முடியுமோ அதுவே சரியான முறை. என் தங்கைக்கு நள்ளிரவில் வயிற்றைத் திறந்தார்கள். அதை நான் இன்றுவரை குறையாக நினைத்ததில்லை.

உடல் தேறுவதில் வேறுபாடு வெளிப்படையானது. லேப்ராஸ்கோப்பியில் மூன்று சிறு துளைகள் போதும். பெரும்பாலானோர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் வழக்கமான வேலைகளுக்கு வந்துவிடுகிறார்கள். வயிற்றைத் திறந்தால் மருத்துவமனையில் மூன்று நான்கு நாட்கள், முழுதாகத் தேற ஆறு வாரங்கள் ஆகும். தண்ணீர்க் குடம் தூக்குவதும் இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுவதும் எவ்வளவு பெரிய வேலைகள் என்பது அந்த ஆறு வாரங்களில்தான் புரியும். என் தங்கை தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் இருமுவாள். படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுவாள்.

லேப்ராஸ்கோப்பியிலும் எதிர்பாராத வலி ஒன்று உண்டு. வயிற்றை உப்பச் செய்வதற்காகச் செலுத்தும் கரியமில வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால், ஓரிரு நாட்களுக்குத் தோள்பட்டை வலிக்கும். மெல்ல நடந்தால் குறையும். ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்பே தோள்பட்டையில் வலி வந்தால், அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். அதை வாய்வுப் பிடிப்பு என்று எண்ணி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

தழும்பின் நீளத்தை மட்டும் வைத்துத் தேறும் காலத்தைக் கணக்கிடுவது தவறு. துளை வழியாகவே சிகிச்சை நடந்திருந்தாலும், முன்பே நிறைய ரத்தம் போயிருந்தால், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதும் தலைசுற்றலும் பல வாரங்கள் நீடிக்கும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயுடன் சேர்த்து விழுங்கினால் அதன் பலன் குறைந்துவிடும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, தையலில் சீழ், அதிக ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

எந்த முறை என்பதைவிட மனத்தை அதிகம் வதைக்கும் கேள்வி இன்னொன்று: குழாயையே எடுத்துவிடுவதா, அல்லது அதைக் கீறிக் கருவை மட்டும் அகற்றுவதா? குழாயைக் காப்பாற்றினால் அடுத்த குழந்தைக்கு வழி இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மற்றொரு குழாய் நன்றாக இருந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குள் இயற்கையாகக் கருவுற்றுக் கர்ப்பம் தொடர்ந்தவர்கள், குழாயைக் கீறியவர்களில் ஏறத்தாழ 61 சதவீதம், எடுத்தவர்களில் 56 சதவீதம். இதை உறுதியான வேறுபாடு என்று சொல்ல முடியவில்லை. மறுபுறம், குழாயைக் கீறியவர்களில் 7 சதவீதத்தினருக்குக் கருத்திசு எஞ்சி நின்றது. குழாயை எடுத்தவர்களில் இது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே குழாயைக் காத்த பெண், ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் முற்றிலும் மறையும்வரை வாரந்தோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கிறது. இல்லாத குழந்தையின் ஹார்மோன் இன்னும் இருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு தாளில் படிப்பது சிறிய துயரம் அல்ல. மற்ற குழாய் நன்றாக இருக்கும்போது, பாதிக்கப்பட்ட குழாயை எடுப்பதற்கு ஒப்புக்கொண்ட எந்தப் பெண்ணும் தன் தாய்மையை விட்டுக்கொடுத்துவிட்டதாக வருந்தத் தேவையில்லை என்பதே என் உறுதியான எண்ணம். மற்ற குழாயும் பழுதாகியிருந்தால் கணக்கு மாறும். அங்கே காப்பாற்ற முயல்வதற்கு நியாயம் உண்டு.

மனம் தேறுவதில் இந்த முறைகளுக்கிடையே நான் பெரிய வேறுபாடு காணவில்லை. சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில்தான் வேறுபாடு கண்டேன். நீண்ட தையலைப் பார்த்தவர்கள் என் தங்கையைப் படுக்கச் சொன்னார்கள். லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட தோழியிடமோ, "சின்ன ஓட்டைதானே, இன்னும் என்ன?" என்று பத்தாவது நாளே கேட்டார்கள். தங்கையை அன்று பிரசவ வார்டில்தான் கிடத்தியிருந்தார்கள். பக்கத்துத் தொட்டிலில் குழந்தை சிணுங்கும்போதெல்லாம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கருச்சிதைவையும் இத்தகைய கர்ப்பத்தையும் சந்தித்த பெண்களைப் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஒரு மாதத்துக்குப் பின் 29 சதவீதத்தினரிடமும், ஒன்பது மாதங்களுக்குப் பின்னும் 18 சதவீதத்தினரிடமும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் இருந்தன. தூக்கம் கலைவதும் அந்த இரவு திரும்பத் திரும்பக் கண்முன் வருவதும் மனபலக் குறைவு அல்ல. மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துப் பேசலாம். ஒப்புதல் படிவத்தில் நடுங்கும் கையால் கையெழுத்திட்ட கணவரையும் யாராவது உட்காரவைத்துப் பேசவிட வேண்டும்.

நான்கு முதல் ஆறு வாரங்களில் மாதவிலக்கு திரும்பும்; அதற்கு முன்பே கருமுட்டை வெளிவரக்கூடும் என்பதால், மீண்டும் எப்போது முயலலாம் என்பதை வீடு திரும்பும் அன்றே கேட்டுவிட வேண்டும். மறுபடி கருக்குழாயில் கரு தங்கும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. எனவே எந்த முறையில் சிகிச்சை நடந்திருந்தாலும், அடுத்த கர்ப்பத்தில் ஆறாவது வாரத்தையொட்டியே ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.