பெட்டி பிரித்த பிறகு எது பறக்கும்? டைகர் மாத், ஸ்டியர்மன், யுங்மன்

வள்ளியூரில் பிறந்து டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் அமெரிக்காவில் எடுத்த தனியார் விமானி உரிமம் இருக்கிறது. ஊரோடு வந்துவிடப் போகிறான். வரும்போது ஒரு பழைய ஈரிறக்கை விமானத்தையும் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசை. தை மாதம் ஒரு ராத்திரி போன் வந்தது.

"மாமா, மூணு பிளேன் பாத்து வச்சிருக்கேன். மூணுமே 'பறக்கத் தயார்'னு போட்டிருக்கான். எத வாங்கலாம், நீங்க சொல்லுங்க."

"ஏல, அங்கன தயாரா இருக்கு, சரி. தூத்துக்குடி ஹார்பர்ல எறங்கும்போதும் தயாரா இருக்குமான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. முப்பது வருஷம் விமானப் பராமரிப்பில் கை கறுத்தவன் நான். எனக்கு முதலில் உறைத்தது அதுதான். இந்த மாதிரி விமானம் கடல் தாண்டிப் பறந்து வராது. நாலு இறக்கையையும் கழற்றி, இழுவைக் கம்பிகளை அவிழ்த்து, நாற்பதடி கன்டெய்னரில் அடைத்துத்தான் வரும். கழற்றிய நிமிஷமே 'பறக்கத் தயார்' காலாவதி. இங்கே ஒருவர் இறக்கைகளை மறுபடி பூட்டி, கோணம் அளந்து, கம்பிகளுக்குச் சரியான முறுக்கு ஏற்றி, உரிமம் உள்ள எஞ்சினியராகக் கையெழுத்தும் போட வேண்டும். ஆகவே எது அழகு என்ற பேச்சு பிறகு. பெட்டி பிரித்த பிறகு எது இந்த ஊரில் பறக்கும் என்பதுதான் என் அளவுகோல்.

அவன் பார்த்து வைத்தவை: இங்கிலாந்தில் ஒரு டைகர் மாத், அவன் இருக்கும் டெக்சாஸிலேயே ஒரு ஸ்டியர்மன், ஸ்பெயினில் செய்து அமெரிக்காவுக்கு வந்த ஒரு யுங்மன்.

முதலில் நம்ம ஊர்க் காற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் புகுந்து அடிக்கிற காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் பணகுடியிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலைக்காரனுக்கு வரம், லேசான விமானக்காரனுக்குச் சாபம். இறங்குமிடமும் அப்படித்தான். கயத்தாற்றில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று பேருக்குக் கிடக்கிறது. உருப்படியாக உள்ளது வாகைக்குளத்துத் தூத்துக்குடி விமான நிலையம். அங்கே 1,350 மீட்டராக இருந்த தார் ஓடுதளத்தை 3,115 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள். நீளம் நமக்குக் கொள்ளை. ஆனால் தார், பக்கக் காற்று, பின்னாலேயே வரிசையில் வரும் பெரிய விமானம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மாத்தைப் பார்ப்போம்.

டைகர் மாத் 1931 அக்டோபர் 26 அன்று முதல்முதலாகப் பறந்தது. எட்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். நம் நாட்டு விமானப் படையும் பறக்கும் கழகங்களும் ஒரு தலைமுறை விமானிகளை இதில்தான் பழக்கின. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர் மாத்தில் கை பழகினவர். "சத்தம் கேட்டே சொல்லிருவேன், எந்த சிலிண்டர் அழுதுன்னு" என்பார். பிரிட்டனில் புதுப்பித்த ஒரு மாத்தை நம் விமானப் படையே 2012ல் டெல்லி பக்கத்து ஹிண்டன் தளத்தில் மறுபடி பறக்கவிட்டது. ஆகவே இந்தியாவில் அந்நியச் சரக்கு இல்லை. 130 குதிரைத்திறன் ஜிப்ஸி மேஜர் எஞ்சின். நாலு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்கும். மணிக்கு 25 முதல் 30 லிட்டர் குடிக்கும், இந்தச் சாதியில் அது சிக்கனம்.

குறை எங்கே என்றால், இதைப் புல்வெளிக்கென்றே செய்தார்கள். பிரேக் கிடையாது. ஸ்டார்ட்டர் கிடையாது, பேட்டரி கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும். வாலில் சக்கரத்துக்குப் பதில் உலோகக் கட்டை. புல்லில் அது கீறிக்கொண்டே வரும், அதுவே பிரேக்கும் ஸ்டியரிங்கும். தாரில் அதே கட்டை தேய்ந்து ஒழியும், விமானமும் சொல் கேட்காது. வெறும் எடை 506 கிலோ, ஒரு மாருதி 800ஐ விட லேசு. ஆடி மாதம் வாகைக்குளத்தில் பிரேக் இல்லாமல் பக்கக் காற்றில் இதைத் திருப்பி நிறுத்தப் பார்த்தால், ரெண்டு பக்கமும் ஆள் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். கனடாவில் செய்த 82சி ரகத்துக்கு வால்சக்கரமும் பிரேக்கும் இருக்கைகளுக்கு மேல் மூடியும் உண்டு. மாத்தான் வேண்டும் என்று ஒருவன் அடம்பிடித்தால் அதைத் தேடச் சொல்வேன். இவன் பார்த்தது அது இல்லை.

இன்னொன்று உயிர் விஷயம். 2013ல் ஆஸ்திரேலியாவில் ஒரு மாத் நடுவானில் இறக்கை பிய்ந்து விழுந்து இருவர் இறந்தார்கள். கீழ் இறக்கைகளின் இழுவிசையைத் தாங்கி உடம்பின் குறுக்கே ஓடும் கம்பிகள் இரண்டும் அறுந்திருந்தன. துணிக்குள் மறைந்திருக்கிற சாமான். எந்த வருஷம் மாற்றினார்கள், யார் செய்த கம்பி, காகிதம் எங்கே என்று கேட்காமல் மாத்துக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஸ்டியர்மன் வேறு சாதி. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் பையன்களைப் பழக்க 1930களில் விச்சிட்டாவில் செய்யத் தொடங்கியது. வெறும் எடையே 878 கிலோ. ஏழு சிலிண்டர் நட்சத்திரமாகப் பரப்பிய 220 குதிரைத்திறன் காண்டினென்டல் எஞ்சின். பிரேக் உண்டு, வால்சக்கரம் உண்டு, தாரைக் கண்டு பயப்படாது. இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்தது, அமெரிக்காவில் இதற்கு உதிரி சாமான் இன்னும் கடையில் வாங்குகிற மாதிரிக் கிடைக்கிறது. தூத்துக்குடியில் ஒரு போல்ட்டுக்காக ஆறு மாசம் உட்கார வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. சக்கரங்கள் நெருக்கம், உடம்பு உயரம். இறங்கி ஓடும்போது கொஞ்சம் அசந்தாலும் தன்னைத்தானே சுற்றி இறக்கை நுனியைத் தரையில் உரசிவிடும். மணிக்கு 45 லிட்டருக்கு மேல் குடிக்கும். நிறுத்தி வைத்தால் கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். அதை அறியாமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். கிளப்புமுன் புரொப்பெல்லரைக் கையால் பல சுற்று சுற்றிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். பல் விளக்குகிற மாதிரி.

போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஸ்டியர்மன்களை வயலுக்கு மருந்தடிக்க விற்றார்கள். பூச்சிமருந்தும் உரமும் இரும்புக் குழாயை உள்ளேயே அரிக்கும், மேலே மஞ்சளும் நீலமும் பளபளக்கும். அந்த வாழ்க்கை வாழ்ந்த விமானமா என்று, ஓட்டமும் பராமரிப்பும் எழுதி வைக்கிற லாக் புத்தகத்தில் பார்க்க வேண்டும். அதன் மேல் நம்ம கடலோர உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

யுங்மனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஓட்டுகிறவன் கைக்கு மூன்றிலும் இதுதான் இனிமை. மற்ற இரண்டுக்கும் கீழ் இறக்கையில் மட்டுமே அலெரான், அதாவது விமானத்தைச் சாய்த்துத் திருப்புகிற மடிப்பு. இதற்கு நாலிலும் உண்டு, நினைத்தால் திரும்பும். 7.4 மீட்டர் இறக்கை, சின்னக் கொட்டகையே போதும். ஆனால் ஸ்பெயின்காரன் எஞ்சின் நின்றால் பாளையங்கோட்டையில் அதைத் திறக்க ஆள் இல்லை. சென்னையிலும் தேட வேண்டும். கரணம் அடிக்கிறவனுக்கான விமானம். இவனுக்கு வேண்டியதோ, காலையில் தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாய் ஒரு சுற்று. அந்தச் சுற்றும் மகேந்திரகிரி, விஜயநாராயணம், கூடங்குளம் மூன்றையும் விட்டு விலகி. அவை கண் கொத்திப் பாம்பாகக் காக்கும் இடங்கள்.

மூன்றுக்கும் பொதுவான வியாதி மரம். இறக்கையின் எலும்பு மரம்தான். பழைய நாளில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையில் ஒட்டினார்கள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து விட்டுவிடும். ஐப்பசி மழையில் நம் தகரக் கொட்டகைக்குள் அது எத்தனை நாள் தாங்கும்? எந்த வருஷம் இறக்கையைத் திறந்து புதுசாக ஒட்டினார்கள், எந்தப் பசை, போர்த்தியது பருத்தியா பாலியெஸ்டரா என்று கேள். பருத்தி என்றால் நம் வெயில் சீக்கிரம் தின்றுவிடும். கரையானுக்கும் அணிலுக்கும் குளவிக்கும் இது வெளிநாட்டு விமானம் என்ற மரியாதையெல்லாம் கிடையாது.

எஞ்சினில் அவன் பார்த்தது ஓவர்ஹாலுக்குப் பின் ஓடிய மணிக்கணக்கை மட்டும். "40 மணிதான் ஓடியிருக்கு மாமா, புதுசு மாதிரி." எத்தனை வருஷத்தில் என்று கேட்டேன். பதினைந்து வருஷம். அது புதுசு இல்லை, துரு. வாரம் ஒருமுறை ஓடிய 400 மணி எஞ்சினை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அதையும் கம்ப்ரஷன் அளந்து, எண்ணெயை வடித்து இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

எண்ணெய் என்றதும் நினைவு வருகிறது. "பெட்ரோல் எஞ்சின்தானே மாமா, பாளையங்கோட்டை பங்க்ல ஊத்திக்கிடலாம்லா?" என்றான். ஊற்றக் கூடாது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பரையும் டேங்க் பூச்சையும் அது கரைக்கும். வாகைக்குளத்தில் பெரிய விமானங்களுக்குப் போடுவது மண்ணெண்ணெய் வகை. நமக்கு வேண்டியது அவ்காஸ் என்கிற விமானப் பெட்ரோல். இந்தியன் ஆயில் 2022 முதல் உள்நாட்டிலேயே செய்கிறது; ஆனால் அது பீப்பாயில் ஊர் வந்து சேர வேண்டும். 45 லிட்டர் குடிக்கும் ஸ்டியர்மனுக்கு இந்தக் கணக்கு வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

இருந்தும் ஸ்டியர்மனையே சொன்னேன். காற்றும் தாரும் ஒரு காரணம். காகிதம் அதைவிடப் பெரிய காரணம். அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் சான்றிதழோடு பறக்கிற ஸ்டியர்மனுக்கு முறையான டைப் சான்றிதழ், அதாவது அந்த ரகத்தின் வடிவமைப்புக்கே அரசு கொடுத்த ஒப்புதல், பின்னால் நிற்கிறது. அங்கே பறக்கும் ஸ்பெயின் யுங்மன்கள் பெரும்பாலும் அந்த ஸ்டாண்டர்ட் சான்றிதழ் இல்லாத எக்ஸ்பெரிமென்டல் வகை. மருந்தடித்த ஸ்டியர்மன், குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் அனுமதிக்கிற ரெஸ்ட்ரிக்டட் வகையில் கிடக்கலாம். டெல்லியில் விமானங்களுக்கு அனுமதி கொடுக்கிற டிஜிசிஏ மேசையில் முதலில் கேட்கப்போவது அந்த வகைப் பெயரைத்தான். இறக்குமதிக்கும் 'விடி' என்று தொடங்கும் இந்தியப் பதிவுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். புல்தரை ஒன்று நம்மிடம் இருந்திருந்தால் மாத்தைத்தான் சொல்லியிருப்பேன். மனசு அங்கேதான் இருக்கிறது.

லாக் புத்தகப் பக்கங்களை அனுப்பச் சொன்னேன். விற்கிறவர் அனுப்பியது பெயின்ட் படங்கள் பதினேழு. மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இதற்கிடையில் அக்கா போனை வாங்கி, "ஏய் தம்பி, அதுல ரெண்டு பேருதான் ஏற முடியுமாமே? நானும் அத்தானும் எப்படிடே சேந்து போறது?" என்றாள். வாகோ யூபிஎஃப்-7 என்று ஒன்று இருக்கிறது, அதே 220 குதிரைத்திறன் காண்டினென்டல், முன் இருக்கையில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மருமகன் இப்போது அதைத் தேடிக்கொண்டிருக்கிறான்.