சியான், நான்ஜிங், பிங்யாவ்: எந்த மதிலில் ஏறுவது?

சீனாவில் மதில் என்றதும் எல்லோருக்கும் பெருஞ்சுவர்தான் நினைவுக்கு வரும். அது மலைமுகடுகளில் ஓடுகிற எல்லைச் சுவர். நான் சொல்ல வந்தது நகர மதில்களை, அதாவது ஊரைச் சுற்றி எழுப்பி, வாசல் வைத்து, இரவில் கதவடைத்த மதில்களை. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் மாடியில் காயும் துணி தெரியும், மறுபக்கம் அகழியோரம் உடற்பயிற்சி செய்யும் பெரியவர்கள் தெரிவார்கள். இந்த அனுபவம் பெருஞ்சுவரில் கிடைக்காது.

இதற்காகப் போகிறவர்கள் பெரும்பாலும் சியான், நான்ஜிங், பிங்யாவ் என்ற மூன்று ஊர்களுக்கு நடுவே தடுமாறுகிறார்கள். மூன்றும் மிங் வம்சத்தைத் தொடங்கிய ஜூ யுவான்ஜாங்கின் காலத்தவை. ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து, பெற்றோரை இழந்து, பௌத்த மடத்தில் சேர்ந்து, பிறகு கலகப்படைத் தலைவனாகி, 1368-ல் பேரரசனானவர் அவர். ‘மதிலை உயர்த்து, தானியத்தைச் சேர், அரசன் என்று அறிவிக்க அவசரப்படாதே’ என்று ஜூ ஷெங் என்ற அறிஞர் அவருக்குச் சொன்ன யோசனை சீனத்தில் இன்றும் புகழ்பெற்றது. அதில் முதல் யோசனையை அவர் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பதை இந்த மூன்று ஊர்களிலும் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் சியான். இதன் பெரிய பலம், முழுச் சுற்றும் வரலாம் என்பதுதான். சுற்றளவு 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர். மேல்தளத்தின் அகலமும் 12 மீட்டருக்குக் குறையாது, ஒரு சாலை போலவே இருக்கும். 1370-களில், பழைய தாங் வம்சத் தலைநகரின் அரசு உள்நகர மதில் இருந்த தடத்தை ஒட்டி, மண்ணைத் திமிசால் இடித்து இறுக்கி எழுப்பினார்கள். வெளிப்புறத்துக்குச் செங்கல் போர்த்தியது 1568-ல். ரயில் நிலையத்தருகே விட்டுப்போயிருந்த இடைவெளியை 2004-ல் வளைவுகள் கட்டி இணைத்தார்கள். அதனால் இன்று ஏறிய வாசலுக்கே சுற்றிவந்து சேரலாம்.

மேலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம் ஆகும், நடந்தால் அரை நாள் போய்விடும். தளம் செங்கல் பாவியது என்பதால் குலுக்கல் அதிகம், நிழல் அறவே இல்லை. கோடையில் மாலை நான்கு மணிக்குப் பிறகு ஏறுங்கள். சூரியன் சாயும்போது வாசல் கோபுரங்களின் நிழல் தளத்தில் நீண்டு விழும். அந்த நேரத்தில் சைக்கிளில் போவது தனி சுகம்.

சைக்கிளில் போகும்போது கவனியுங்கள்: சுமார் 120 மீட்டருக்கு ஒரு கொத்தளம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மொத்தம் 98. இரண்டு கொத்தளங்களிலிருந்தும் அம்பு எய்தால் நடுவில் மதிலடிக்கு வந்த எவனும் தப்ப முடியாது என்ற கணக்கு அது. 1926-ல் மாதக்கணக்கில் நீண்ட முற்றுகையைக்கூட இந்த மதில் தாக்குப்பிடித்தது. பட்டினி ஊருக்குள் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது, ஆனால் எதிரி உள்ளே வர முடியவில்லை.

சியானோடு நமக்கென்று ஒரு தொடர்பும் உண்டு. பள்ளிப் பாடத்தில் படித்த யுவான் சுவாங், காஞ்சிபுரம் வரை வந்தவர், 645-ல் திரும்பிச் சேர்ந்தது இந்த ஊருக்குத்தான். அன்று இதன் பெயர் சாங்கான். அவர் கொண்டுவந்த சுவடிகளுக்காக எழுந்த பெரிய காட்டுவாத்துக் கோபுரம் இன்றைய மதிலுக்கு வெளியே, தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. தாங் காலத்தில் அது ஊருக்குள் இருந்தது. அன்றைய நகரம் எவ்வளவு பெரியது என்பது அந்தத் தூரத்தைக் கடக்கும்போதுதான் உறைக்கும்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சியான் மதில் மிக நன்றாகப் பழுதுபார்க்கப்பட்டது. 1983-லிருந்து பெரிய அளவில் வேலை நடந்திருக்கிறது. கோடு பிடித்தாற்போல் நேர்த்தியாக இருப்பதால், தொடும் செங்கல் பழையதா புதியதா என்ற ஐயம் வந்துகொண்டே இருக்கும்.

நான்ஜிங்குக்குப் போனால் அந்த ஐயமே எழாது. என் மனம் சாய்வது இந்த மதிலின் பக்கம்தான். இது சதுரமில்லை. மலையைக் கண்டால் மலையோடு ஏறி, ஏரியைக் கண்டால் கரையோடு வளைந்து போகிறது. 1366-ல் தொடங்கிய வேலை, 35 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீண்டது. அதில் 25 கிலோமீட்டர் இன்னும் நிற்கிறது. செங்கற்களை இணைத்த சுண்ணாம்புச் சாந்தில் பசையரிசிக் கஞ்சி கலந்திருக்கிறார்கள்.

அந்தச் செங்கற்களின் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள். எழுத்து இருக்கும். எந்த மாவட்டத்திலிருந்து வந்தது, மேற்பார்த்த அதிகாரி யார், ஊர்ப் பொறுப்பாளர் யார், சூளைக்காரர் யார், கடைசியாக மண் பிசைந்து வார்த்த கூலியாள் யார் என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போகும். இன்றைய ஜியாங்சு, அன்ஹுய், ஜியாங்சி, ஹூபேய், ஹூனான் மாகாணங்களின் ஊர்களிலிருந்து யாங்சி ஆற்றில் படகேறி வந்த கற்கள் இவை. கல் உடைந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காகப் பேரரசன் செய்த ஏற்பாடு. அச்சத்தில் பதித்த அந்தப் பெயர்கள்தான் 600 ஆண்டுகளுக்குப் பிறகும் அழியாமல் நிற்கின்றன. எழுதப்படிக்கத் தெரியாத ஒரு சூளைத் தொழிலாளியின் பெயர், அரசனின் தலைநகர மதிலில். நான் வேறெந்தக் கோட்டையிலும் இப்படி நெகிழ்ந்து நின்றதில்லை.

ஒரே இடம்தான் பார்க்க முடியும் என்றால் தெற்கே உள்ள ஜோங்ஹுவா வாசல். வாசல் என்று சொன்னாலும் அது ஒரு கோட்டையேதான். நான்கு வாயில்கள், நடுவே மூன்று அடைப்பு முற்றங்கள். முதல் வாயிலை உடைத்து வரும் படை முற்றத்தில் மாட்டிக்கொள்ளும், மேலிருந்து கதவு இறங்கும். படை ஒளிந்திருக்க 27 குகையறைகள், 3,000 பேர் கொள்ளும் என்று கணக்கு. குதிரையில் ஏற அகலமான சாய்தளங்களும் உண்டு. மேலே இருந்த கோபுரம் 1937 டிசம்பரில் ஜப்பானியத் தாக்குதலில் போனது. அந்த வெற்றுத் தளத்தில் நிற்கும்போது, அடுத்து ஊருக்குள் நடந்த படுகொலையை நினைக்காமல் இருக்க முடியாது.

மனம் லேசாக வேண்டுமென்றால் அப்புறம் ஜிமிங் கோயிலை ஒட்டிய பகுதிக்குப் போங்கள். ஒரு பக்கம் ஷுவான்வு ஏரி, ஒரு பக்கம் கோயில் கோபுரம். கோயிலிலேயே சைவ நூடுல்ஸ் கிடைக்கும். மார்ச் கடைசியில் கோயில் சாலை முழுக்கச் செர்ரி பூத்திருக்கும், கூட்டமும் அதற்கேற்றபடி இருக்கும். நான்ஜிங்கின் சங்கடம், மதில் துண்டு துண்டாக நிற்பது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும், முழுச் சுற்று முடித்தேன் என்ற நிறைவும் கிடைக்காது.

பிங்யாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே மதில் ஊரின் ஒரு பகுதி மட்டுமே. சுற்றளவு ஆறு கிலோமீட்டர் சொச்சம். மேலே 72 காவல் கூண்டுகள், 3,000 ஞாயில்கள், அதாவது மதிலுச்சியில் பல்வரிசைபோல் நிற்கும் மறைப்புகள். கன்ஃபூசியஸின் 72 தேர்ந்த சீடர்களையும் 3,000 மாணவர்களையும் அவை குறிப்பதாகச் சொல்கிறார்கள். ஆறு வாசல்களை ஆமையின் தலை, வால், நான்கு கால்கள் என்று காட்டுவார்கள். மேல்தளம் ஒடுக்கம், சைக்கிளுக்கு வழியில்லை. ஆனால் மதிலுக்குள் இருக்கிற ஊர் மிங், சிங் காலத் தெருக்களோடு அப்படியே இருக்கிறது. 1823-ல் தொடங்கிய ரிஷெங்சாங் என்ற உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) வங்கியின் வீடும் அங்கேதான். ஊர் முழுவதும் 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உட்புறச் சுவர் பல இடங்களில் செங்கல் போர்த்தாத இடித்த மண். 2021 அக்டோபரில் பெய்த பெருமழையில் அதில் ஒரு பகுதி சரிந்தது. அந்த மண்ணைப் பார்க்கும்போது, சியானின் செங்கல் உறைக்குள் என்ன இருக்கிறது என்பதும் விளங்கும். இரவு அங்கே தங்காமல் வராதீர்கள். பகல் கூட்டம் வடிந்த பிறகுதான் ஊர் தன் முகத்தைக் காட்டும்.

பெய்ஜிங்குக்கும் இப்படி ஒரு மதில் இருந்தது. அதன் மேல்தளத்தை மக்கள் உலாவும் பூங்காவாக்கலாம் என்று கட்டடக்கலை அறிஞர் லியாங் ஸிசெங் எவ்வளவோ வாதாடினார். கேட்கவில்லை, பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். அது இருந்த தடத்தில் இன்று சுரங்க ரயில் ஓடுகிறது. சியான் மதிலில் சைக்கிளோட்டும் பிள்ளைகளைப் பார்த்தால் அவர் கேட்டது என்னவென்று புரியும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? குழந்தைகளோடு போனால் சியான், யோசிக்கவே வேண்டாம். ஷாங்காயில் இறங்குகிறவர்களுக்கு நான்ஜிங் ஒன்றரை மணி நேர ரயில் தூரம், அதை விட்டுவிட்டு வடக்கே ஓட வேண்டாம். பெய்ஜிங்கில் இறங்கினால் பிங்யாவில் ஒரு இரவு தங்கி, மறுநாள் விரைவு ரயிலில் சியானுக்குப் போங்கள், மூன்று மணி நேரம்தான். நான்ஜிங் போகிறவர்கள் மறக்காமல் காலையில் போங்கள். சாய்ந்த வெயில் மதிலை உரசிக்கொண்டு விழும் நேரத்தில்தான் செங்கல்லில் பதித்த பெயர்கள் எடுப்பாகத் தெரியும்.