ஆமை நடையா, ஏரி சுத்தமா?

சென்னையில் வார இறுதியில் இயற்கைக்காக ஏதாவது செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள், பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்று யோசிக்கிறார்கள்: ராத்திரியில் கடற்கரையோரம் நடந்து கடலாமை முட்டைகளைத் தேடிக் காப்பாற்றும் ஆமை நடை, இல்லை ஏரிக் குப்பையை அள்ளும் வேலை.

நேரம்
ஆமை நடை: ஜனவரி முதல் மார்ச் வரைதான், அதுவும் ராத்திரி முழுக்க.
ஏரி: ஞாயிறு காலை இரண்டு மூன்று மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

உடம்பு
ஆமை நடை: நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கி.மீ., மணலில்.
ஏரி: நடை குறைவு, ஆனால் குனிந்து நிமிர்ந்தே இடுப்பு போய்விடும். கையுறையும் கெட்டியான ஷூவும் கட்டாயம், கண்ணாடிச் சில்லு எங்கும் கிடக்கும்.

செலவு
இரண்டுக்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தெரியும் பலன்
ஆமை நடை: உறுதி கிடையாது. பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை) நூறு முட்டைக்கு மேல்கூட இடும், அதைப் பத்திரமாகப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போவதைப் பார்க்கும் அதிர்ஷ்டம் சிலருக்கு வாய்க்கும். செத்த ஆமையை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களும் உண்டு, 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின.
ஏரி: மூட்டை மூட்டையாகக் குப்பை அன்றைக்கே வெளியே வரும். கழிவுநீர்க் குழாயை அடைக்காதவரை அடுத்த மாதமும் வரும், அது வேறு கதை.

சின்னப் பிள்ளைகளோடு வருகிறீர்களா? ஏரிக்குப் போங்கள், கரையோரக் காகிதம் பொறுக்கும் வேலையை மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள். தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை, டார்ச் அடிக்காமல் சத்தம் போடாமல் இருட்டில் நடக்க முடியும் என்றால் ஆமை நடை. 1988 முதல் மாணவர்கள் நடத்துகிற வேலை அது, செல்ஃபிக்கு என்றால் வேண்டாம்.