மூன்று வருடம் ஓட்டிய பிறகு: என் 65 செ.மீ. ரிமோட் மின்சார வேகப்படகு

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் காலை ஏழரை மணிக்குத்தான் வெளிச்சம் நன்றாக விழும். எட்டே முக்காலுக்கெல்லாம் காற்று எழும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமையின் அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்கப் படகைத் தயார் செய்கிறேன். 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள்; எங்கள் வீட்டில் இன்னும் பெர்ஜுந்தைதான். ஈயம் தோண்டிய காலத்துக் குட்டைகள் ஊரைச் சுற்றி நிறையக் கிடக்கின்றன. செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள ஒரு குட்டையில் மூன்று வருடமாக ஓட்டுகிறேன்.

அடிப்பக்கம் ஆழமான 'வி' போல இறங்கும் டீப்-வி வடிவம், கண்ணாடி இழை ஹல், அதாவது படகின் கூடு. வெறும் ஹல்லாக வாங்கி மீதியெல்லாம் நானே பொருத்தியது. இன்றைய நிலையில் 2000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 120 ஆம்பியர் இ.எஸ்.சி., 4எஸ் (நான்கு செல் தொடராக இணைத்த) 5000 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் 4 மி.மீ. ஃபிளெக்ஸ் கேபிள், 40 மி.மீ. உலோக புரொப்பெல்லர். ஜிபிஎஸ்ஸில் நான் பார்த்த அதிக வேகம் மணிக்கு 71 கி.மீ. மொத்தச் செலவு 1,900 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது. அதில் ஏறக்குறைய 500 வெள்ளி, விவரம் தெரியாமல் வாங்கிய பொருள்களுக்குப் போனது. இன்னொருவருக்கு அந்த 500 வெள்ளி மிச்சமாகட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் தப்பு மோட்டாரில். பழைய ரிமோட் ரேஸ் காரில் இருந்த 3300 கேவி மோட்டாரைக் கழற்றிப் படகில் வைத்தேன். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு, சுமையில்லாதபோது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 4எஸ் பேட்டரியின் 14.8 வோல்ட்டில் அது 48,840 சுற்று. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் பெரிய புரொப்பெல்லரைச் சுழற்ற அதற்குத் தெம்பு கிடையாது. 32 மி.மீ. புரொப்பெல்லர் போட்டு ஓட்டினேன், 49 கி.மீ. வந்தது. கரைக்குக் கொண்டுவந்து தொட்டால் விரல் வைக்க முடியாத சூடு. இரண்டே மாதத்தில் ஒரு பேட்டரி வீங்கிவிட்டது.

2000 கேவிக்கு மாறியபோது சுற்று 29,600 ஆகக் குறைந்தது, வேகமோ கூடியது. 40 மி.மீ. விட்டம், அதைப்போல 1.4 மடங்கு பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 56 மி.மீ. முன்னேற வேண்டும். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 99 கி.மீ.க்கு மேல் வரும். சுமை ஏறினால் சுற்று குறையும், தண்ணீரில் வழுக்கலும் உண்டு. அதனால் கணக்கில் 70 விழுக்காடு கைக்கு வந்தாலே நல்ல படகு என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு முதலில் வந்தது 64 கி.மீ.தான். மீதி 7 கி.மீ. மோட்டாரிலிருந்து வரவில்லை. படகின் பின்பக்கத்தில், ஒரு கைக்குள் அடங்கும் இடத்திலிருந்து வந்தது.

அந்த இடத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இந்த வகைப் படகு ஓடும்போது புரொப்பெல்லரின் மேல்பாதி தண்ணீருக்கு வெளியே சுற்றும். அதைத் தாங்கும் ஸ்ட்ரட் கொஞ்சம் தாழ்ந்தாலும் பின்பக்கம் தூக்கி, முகம் தண்ணீரைக் கிழிக்கும். கொஞ்சம் மேலே போனால் படகு தவளை மாதிரி குதிக்கும். நான் ஒரு மில்லிமீட்டரை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தேடினேன். ஹல்லைச் சமமான கண்ணாடிப் பலகையில் வைத்து, ஸ்ட்ரட் ஹல்லின் அடிக்கோட்டுக்கு இணையாக இருக்கும்படி திருகி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து எழுதிவைத்தேன். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. எடை மையத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்விளிம்பிலிருந்து நீளத்தில் சுமார் 30 விழுக்காடு, அதாவது என் படகில் 19.5 செ.மீ. காற்று இருக்கும் நாளில் பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளுவேன். பேட்டரித் தட்டில் ஒட்டுப்பட்டை போட்டிருப்பதால் அரை நிமிட வேலை.

புரொப்பெல்லர் கடையிலிருந்து வரும்போது மொண்ணையாகத்தான் வரும். என்னுடையது பெரிலியம் கலந்த செம்பு. அந்தத் தூள் நுரையீரலுக்குப் பெரிய கேடு. முகக்கவசம் போட்டு, தண்ணீர் நனைத்த உப்புத்தாளில்தான் தேய்க்க வேண்டும், காய்ந்த அரத்தில் தொடவே கூடாது. இதழின் உள்பக்கம், தண்ணீரைத் தள்ளும் பக்கம், அப்படியே இருக்கட்டும். வெளிப்பக்கத்தை மட்டும் விளிம்பு நோக்கி மெலிதாக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் விளிம்பில் வெளிச்சம் படும் கோடு மறைந்துவிடும். அதுதான் கூர் வந்ததற்கு அடையாளம். பிறகு மெல்லிய கம்பியில் கோர்த்து இரண்டு கண்ணாடி டம்ளர் விளிம்பில் வைப்பேன். கனமான இதழ் மெதுவாகக் கீழே இறங்கும், அதைத் தேய்ப்பேன். எப்படி வைத்தாலும் அங்கேயே நிற்கும்வரை விட மாட்டேன். முதல் தடவை நாலு மணி நேரம் ஆனது. அடுத்த நாள் படகு தண்ணீரில் போன சத்தமே வேறு. கரகரப்பு போய், ஒரே சீராக விசில் மாதிரி வந்தது.

ஃபிளெக்ஸ் கேபிள் விஷயத்தில் பட்டது இன்னொரு கதை. பல கம்பி இழைகளை முறுக்கிச் செய்த கேபிள் அது, ஒரு திசையில்தான் சுமை தாங்கும். சுமை ஏறும்போது முறுக்கு இறுகி நீளம் குறையும். அதற்காக ஸ்ட்ரட்டுக்கும் புரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கும் பித்தளைப் பிடிப்புக்கும் நடுவே 2, 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். நான் அழகாக இருக்கட்டும் என்று ஒட்டி வைத்தேன். முழு வேகம் கொடுத்ததும் கேபிள் சுருங்கி, பிடிப்பை ஸ்ட்ரட்டுக்குள் இழுத்துவிட்டது. கீச்சென்ற சத்தம் கரைவரை கேட்டது. ஒரே ஓட்டத்தில் ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். இப்போது ஓய்வு. நான் குட்டையிலிருந்து வந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "என்னய்யா, கிரீஸ் போட்டியா?" முதல் சில மாதம் போடவில்லை. ஒரு மாதம் படகைத் தொடாமல் இருந்துவிட்டு எடுத்தபோது கேபிள் குழாய்க்குள் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பாதான் எண்ணெய் ஊற்றி, இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் பொறுமையாகத் திருகித் திருகி வெளியே எடுத்தார். அதிலிருந்து ஓட்டி முடித்த அன்றே கேபிளை உருவி, துடைத்து, கடல் படகுக்கான கிரீஸை விரலால் தடவிவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன். மூன்று வருடத்தில் மாற்றியது இரண்டே கேபிள்.

எங்கள் குட்டையின் பெரிய எதிரி கியாம்பாங் என்ற மிதக்கும் நீர்ச்செடி. மழைக்குப் பிறகு காற்று அதை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளும். 2023-இல் ஒரு நாள் ஒரு கொத்து புரொப்பெல்லரில் சிக்கியது. நான் ரிமோட்டின் வேக விசையை விடாமல் இன்னும் கொடுத்தேன். மின்னோட்டம் எகிறி இ.எஸ்.சி. கருகிப் புகை வந்தது. படகு தடுமாறினால் விசையை உடனே விட வேண்டும், அவ்வளவுதான். மீன் பிடிக்க வந்த சீனப் பெரியவர் ஒருவர் தன் சம்பானில் போய்ப் படகைக் கொண்டுவந்து கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை.

இந்தக் குட்டைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கரையில் இரண்டடி வைத்தால் திடீரென்று ஆழம். கரை மணல் சரியும். படகுக்காக யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். தூண்டில் நுனியில் டென்னிஸ் பந்து கட்டி எறிந்து இழுக்கலாம். நான் வேகமில்லாத பழைய படகு ஒன்றை மீட்புக்கென்றே வைத்திருக்கிறேன். ஹல்லுக்குள் முன்பக்கம் முழுக்க நீச்சல் நுரைக்குழாயை வெட்டி அடைத்திருக்கிறேன். மூடியின் ஒட்டுநாடா பிரிந்து தண்ணீர் உள்ளே போன அன்று, அந்த நுரைதான் படகை மூழ்கவிடாமல் மிதக்கவைத்தது.

குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயும் கவனிக்க வேண்டியது. சுக்கானில் நுழையும் தண்ணீர் இ.எஸ்.சி., மோட்டார் இரண்டையும் சுற்றிப் பக்கவாட்டில் பீய்ச்சும். இங்குள்ள மாவு மாதிரி மணல் அதை அடைத்துவிடுகிறது. வாரா வாரம் ஊசிபோடும் சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி எதிர்ப்பக்கமாகத் தள்ளிச் சுத்தம் செய்கிறேன். இப்போது மோட்டார் சூடு 60 டிகிரியைத் தாண்டுவதில்லை.

பேட்டரி ஒரு ஓட்டத்துக்கு நாலு நிமிடம்தான். அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை; 20 விழுக்காடு மிச்சம் வைத்தே கரைக்குக் கொண்டுவருகிறேன். ஞாயிறு மழை பெய்து ஓட்ட முடியாமல் போனால், முழுதாக ஏற்றிய பேட்டரியை அடுத்த வாரம்வரை அப்படியே விடக் கூடாது. அன்றைக்கே ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கிவைக்க வேண்டும். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு வாங்கிய இரண்டு பேட்டரியும் இன்னும் தட்டையாகவே இருக்கின்றன. சார்ஜ் போடுவது வாசல் சிமெண்டுத் தரையில், கூடவே நான் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்.

போன மாதம் அக்காள் மகன் ஒரு காட்டமரன் (இரட்டை உடல்) ஹல் வாங்கிக் கொண்டுவந்தான். "மாமா, நேரா 6எஸ் போட்டுடலாமா?" என்றான். முதலில் 4எஸ்ஸில் ஸ்ட்ரட்டைச் சரிசெய்வோம் என்று சொல்லியிருக்கிறேன். ஹல் இப்போது வரவேற்பறை மேசையில், கண்ணாடிப் பலகை மேல் இருக்கிறது. பின்பக்கம் துளை போடும் இடங்களைப் பென்சிலில் குறித்துவிட்டான். இந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் அளவுகோலை வைத்து மறுபடி அளந்து பார்த்த பிறகுதான் டிரில்லை எடுப்போம்.