‘ஐ7 லேப்டாப், 24 ஆயிரம்தான்’ என்றால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

அக்கா மகள் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் கட்டியபின் புது லேப்டாப்புக்குக் கையில் காசில்லை. அதனால் மாமா அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் 24,000 ரூபாய்க்கு லேப்டாப் எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: “ஐ7 சார். காலேஜ் முடிக்கிற வரைக்கும் கவலையே வேண்டாமுங்க.”

ஐ7 என்பது பொய் இல்லை. முழுப் பெயர் இன்டெல் கோர் ஐ7-6600யூ. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை ப்ராசஸர், அதாவது லேப்டாப்பின் மூளை. அதற்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிதான் கோர்; இதில் இரண்டே இரண்டு கோர். அதே அலமாரியில் கிட்டத்தட்ட அதே விலைக்கு ஐ5-8250யூ போட்ட லேப்டாப் ஒன்றும் இருந்திருக்கிறது. அது 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை. நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசை). மாமா முதலில் கையில் எடுத்ததே அதைத்தான். “அது வெறும் ஐ5 சார், ஸ்பீடும் 1.6 தான். இது ஐ7, 2.6 பாருங்க” என்று சொல்லி அதை வாங்கி மேலே வைத்துவிட்டார்கள்.

இந்த 1.6, 2.6 கணக்கைக் கேட்டதும்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இரண்டுமே அடிப்படை வேகம். வேலை கொடுத்தால் இரண்டு ப்ராசஸரும் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். உச்ச வேகம் ஒன்றாக இருக்க, ஒன்றில் இரண்டு கோர், மற்றதில் நான்கு. தினமும் லேப்டாப் விற்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற ஒரு குடும்பத்திடம், நல்லதை ஒதுக்கிவைத்துவிட்டு விலைபோகாததைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

லேப் வகுப்புக்காக விர்ச்சுவல்பாக்ஸில் (விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓட்டும் மென்பொருள்) உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றியதும் குட்டு வெளிப்பட்டது. பின்னால் க்ரோம் திறந்திருந்தாலே மவுஸ் அம்பு நின்று நின்று நகர்கிறது. லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். கீபோர்டில் எழுத்துகள் தேய்ந்து, கைவைக்கும் இடம் வழவழத்துப் போயிருக்கிறது. ஐ7 ஸ்டிக்கர் மட்டும் ஓரம்கூட மங்காமல் பளபளக்கிறது.

விண்டோஸ் 11 இருப்பதைக் காட்டி, “லேட்டஸ்ட் மாடல்” என்றும் சொல்லியிருக்கிறார்கள். இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-ஐ முறைப்படி அனுமதிக்கிறது. இந்த ஆறாம் தலைமுறை லேப்டாப்பில், விண்டோஸ் ஏற்றும்போது நடக்கும் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள். இப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. சரி, விண்டோஸ் 10-க்கே திரும்பலாம் என்றால், அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது.

ஆகவே கடையில் ஐ3-யா, ஐ5-ஆ, ஐ7-ஆ என்று மட்டும் கேட்காதீர்கள். முழு நம்பரைக் கேளுங்கள். கோர் ஐ வரிசையில் கோட்டுக்குப் பின்னால் முதலில் வரும் ஓரிரு இலக்கம்தான் தலைமுறை: 6600யூ என்றால் ஆறு, 8250யூ என்றால் எட்டு, 1215யூ என்றால் பன்னிரண்டு. 2022-இல் வந்த அந்த ஐ3-1215யூவில் ஆறு கோர் இருக்கிறது. நாங்கள் ஏமாந்த ஐ7 அதன் பக்கத்தில்கூட நிற்காது. பணம் கொடுப்பதற்கு முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் ப்ராசஸரின் பெயரும் கோர் எண்ணிக்கையும் அங்கேயே தெரியும்.

புதிது வாங்கினாலும் இதே கவனம் வேண்டும். ஏஎம்டி கம்பெனியின் ப்ராசஸர்களான ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் பெயரில் ஒன்றுபோல இருக்கும். முதலாவதில் நான்கு கோர், அதுவும் பழைய ஜென் 2 வடிவமைப்பு. ரேம் போர்டிலேயே பற்றவைத்து வருவதால் பின்னால் கூட்டவும் முடியாது. இரண்டாவதில் ஜென் 3, ஆறு கோர். இன்டெலின் மலிவு ப்ராசஸரான செலரான் என்4020-ஐ மாணவர்களுக்கானது என்று எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிலும் இரண்டே கோர்தான், கோடிங் படிக்கும் பிள்ளைக்குப் போதாது.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். “ஐ7 கேட்டீங்க, ஐ7 கொடுத்தோம்” என்றார்கள். மாற்றித் தர வேண்டுமானால் 6,000 ரூபாய் கழிப்பார்களாம். பில்லை எடுத்துப் பார்த்தால் ‘லேப்டாப் ஐ7’ என்று மட்டும் இருக்கிறது. மாடலும் இல்லை, ப்ராசஸர் நம்பரும் இல்லை. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அதே மாதிரி பில்லோடு வேறு யாராவது மாட்டியிருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கடை பெயர், தேதி, ‘ஐ7’ என்று எழுதியிருப்பது, அவ்வளவும் சாட்சி.